கையெழுத்துப் போடாத ராப்பர்கள்: காசு எங்கே நின்றுபோகிறது?

ராப் இசை பற்றிய பேச்சில் இரண்டு எண்ணங்கள் அடிக்கடி தலைகாட்டும். லேபிளில், அதாவது பாட்டுகளை வெளியிடும் இசை நிறுவனத்தில், கையெழுத்துப் போட்டவர் பணக்காரர் ஆகிவிட்டார் என்பது ஒன்று. கையெழுத்துக் கிடைக்காதவருக்குத் திறமை போதவில்லை என்பது இன்னொன்று. ஒப்பந்தத்தை ஒரு விருதைப் போலப் பார்ப்பதால்தான் இரண்டும் வருகின்றன. முதல் போடுவது யார், பதிவு யாருக்குச் சொந்தம், வரும் காசு எந்த வரிசையில் பிரியும் என்று எழுதிய தாள்தான் ஒப்பந்தம். பாட்டு நன்றாக இருக்கிறதா என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

ஹிப் ஹாப் பிறந்த அமெரிக்காவையே, குறிப்பாக 1990களையே இங்கே எடுத்துக்கொள்கிறோம். கேசட், இசைத்தட்டு, கடை, வானொலி என்று எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த காலம் என்பதால் காசின் பாதையைப் பின்தொடர்வது எளிது.

மாந்தோப்புக்கு முன்பணம்

பூப்பிடிக்கும் முன்பே ஒரு வியாபாரி வந்து, தோப்புக்காரருக்கு முன்பணம் கொடுத்து அந்த ஆண்டுக் காய்ப்பைப் பேசி முடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது ஊரில் நடப்பதுதான். இதில் மூன்று நிபந்தனைகளைச் சேர்த்துப் பார்ப்போம். விற்பனையில் தோப்புக்காரருக்கு நூற்றுக்கு 12 பங்கு. முன்பணம், உரம், மருந்து, பறிகூலி எல்லாம் அந்த 12 பங்கிலிருந்து மட்டுமே கழியும். எல்லாம் கழிந்து தீர்ந்த பிறகும் தோப்பு வியாபாரிக்கே சொந்தம்.

இப்படி ஒரு பேச்சுக்கு எந்தத் தோப்புக்காரரும் உட்காரமாட்டார். ஆனால் பெரிய இசை நிறுவனங்கள் புதுமுக ராப்பர்களிடம் நீட்டிய ஒப்பந்தத்தின் எலும்புக்கூடு இதுதான்.

இங்கே நான்கு சொற்கள் தேவைப்படும். பிரதிகள் எடுக்க ஆதாரமாக இருக்கும் இறுதிப் பதிவு மாஸ்டர். அதை வைத்திருப்பவரே தோப்பின் சொந்தக்காரர். விற்பனையில் கலைஞருக்குச் சேரும் பங்கு ராயல்டி. அந்தப் பங்கிலிருந்து முன்கூட்டியே தரப்படும் தொகை முன்பணம். முன்பணத்தையும் செலவையும் கலைஞரின் ராயல்டியிலிருந்து லேபிள் கழித்து எடுத்துக்கொள்வது ரிகூப்.

ரிகூப் புரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். சிடியின் விலை 16 டாலர். ‘உறைச் செலவு’ என்று கால் பங்கைக் கழித்தால் 12 டாலர். ராயல்டி 12 சதவீதம், அதில் 3 பங்கு தயாரிப்பாளருக்கு. கலைஞருக்கு மிஞ்சுவது 9 சதவீதம், அதாவது சிடிக்கு 1 டாலர் 8 சென்ட். கைக்கு வந்த முன்பணம் 50,000 டாலர், ஸ்டுடியோச் செலவு 1,50,000, வீடியோச் செலவில் கலைஞர் தலையில் விழும் பாதி 1,00,000. மொத்தம் 3,00,000 டாலர். சிடிக்கு 1.08 வீதம் இது அடைபட ஏறக்குறைய 2,78,000 சிடிகள் விற்க வேண்டும். அதுவரை கலைஞருக்கு ஒரு சென்ட் ராயல்டி கிடையாது. அதே சிடிகளை மொத்த விலையாகத் தலா 10 டாலருக்குக் கடைகளுக்குக் கொடுத்த லேபிள் பக்கம் 27 லட்சத்து 80 ஆயிரம் டாலர் வந்திருக்கும். அச்சு, விநியோகம், விளம்பரம் எல்லாம் அதிலிருந்து போகும் என்பது உண்மை. ஆனாலும் லேபிள் லாபத்துக்கு வரும் நாளும் கலைஞரின் கடன் அடையும் நாளும் வேறு வேறு.

அமெரிக்காவில் ‘தங்க வட்டு’ சான்றுக்கு 5 லட்சம் பிரதிகள் வேண்டும். அந்த எல்லையில் பாதியைத் தாண்டிய ஒருவர்கூட இந்தக் கணக்கில் இன்னும் கடன்காரராக இருக்க முடியும்.

சுருக்கமாக: கையெழுத்து என்றால் முதல் லேபிளுடையது, மாஸ்டரும் லேபிளுடையது. கலைஞரின் சிறு பங்கிலிருந்துதான் செலவு கழிகிறது. கையெழுத்துப் போடாதவருக்கு முதலும் நட்டமும் அவருடையவை. மாஸ்டரும் அவருடையதே.

ஒரே ஒரு வாசல், நீண்ட வரிசை

1990களில் லேபிளின் கவனத்தைப் பிடிக்கும் கருவி டெமோ கேசட். நான்கு தடப் பதிவுக் கருவியில் வீட்டிலேயே மூன்று நான்கு பாட்டைப் பதிந்து, லேபிளின் ஏ அண்ட் ஆர் அலுவலருக்கு அனுப்புவார்கள். புதுக் கலைஞர்களைத் தேடி எடுத்து அவர்களின் பதிவுகளைக் கவனித்துக்கொள்பவர் அவர்.

‘தி சோர்ஸ்’ என்ற ஹிப் ஹாப் பத்திரிகையில் ‘அன்சைன்டு ஹைப்’ என்று ஒரு பக்கம் வந்துகொண்டிருந்தது. லேபிள் இல்லாத ஒருவரின் டெமோவை எடுத்து அறிமுகப்படுத்தும் பக்கம். 1991 ஜனவரியில் டிஎம்எக்ஸ், 1992 மார்ச்சில் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி., 1998 மார்ச்சில் எமினெம் அதில் வந்தார்கள். இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் ‘திறமை இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்’ என்று வாதாடுவார்கள். மாதம் ஒருவர் என்றாலே பத்தாண்டில் நூற்றுக்கு மேல் ஆகிவிடும். மற்றவர்களின் பெயரை இன்று சேகரிப்பாளர்கள்தான் சொல்வார்கள். அந்தப் பக்கத்துக்குள் நுழைந்தவர்களின் கதியே அப்படி என்றால், உறை பிரிக்கப்படாமல் மூட்டையில் கிடந்த கேசட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நியூயார்க்கில் இன்னொரு வாசலும் இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழக வானொலியான டபிள்யூகேசிஆர் 89.9 எஃப்எம்மில் ஸ்ட்ரெட்ச் ஆம்ஸ்ட்ராங், பாபிட்டோ கார்சியா இருவரும் 1990 முதல் 1998 வரை நள்ளிரவு தாண்டி நடத்திய நிகழ்ச்சி. டெமோவோடு வந்தவர்களுக்கு மைக்கைக் கொடுத்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் ‘குட் லைஃப்’ என்ற உணவகத்தில் வியாழக்கிழமை இரவுகளில் யாரும் மேடை ஏறலாம். கெட்ட வார்த்தை கூடாது என்பது விதி. சொதப்பினால் ‘மைக்கைக் கொடுத்துவிடு’ என்று கூட்டமே குரல் கொடுக்கும். அங்கே வளர்ந்த ஃப்ரீஸ்டைல் ஃபெல்லோஷிப் குழு தன் முதல் ஆல்பத்தை 1991இல் தானே வெளியிட்டது. பிறகுதான் லேபிள் வந்தது.

500 தட்டு அடிப்பது எப்படி, எங்கே கெடும்

வாசல் திறக்காதபோது பலர் தாங்களே 12 அங்குல இசைத்தட்டு அடித்தார்கள். சிடி காலத்தில் ஏன் வினைல் என்றால், ராப்பை மக்களிடம் கொண்டுபோன டிஜேக்கள் தட்டு வைத்துத்தான் வாசித்தார்கள். அதனால் தட்டின் அமைப்பே டிஜேக்காக இருந்தது. ஒரு பக்கத்தில் ஒரே பாட்டு மூன்று வடிவத்தில் இருக்கும்: முழு வடிவம், கெட்ட வார்த்தை நீக்கிய வானொலி வடிவம், குரல் இல்லாத பீட். பாட்டு 4 நிமிடம் என்றால் பக்கத்துக்கு 12 நிமிடம். மறுபக்கம் இன்னொரு பாட்டு, அதே முறையில்.

தட்டு உருவாகும் வரிசை இது. இறுதிப் பதிவைக் கொண்டு, மென்மையான பூச்சுள்ள அலுமினியத் தட்டில் ஊசியால் ஒலித்தடம் வெட்டுவார்கள். அதன்மேல் உலோகப் பூச்சு ஏற்றிப் பிரித்தால் அச்சு கிடைக்கும். அந்த அச்சுகள் இரண்டுக்கு நடுவே சூடான வினைல் உருண்டையை வைத்து அழுத்தினால் அரை நிமிடத்தில் ஒரு தட்டு. முதலில் சில சோதனைத் தட்டுகள் வரும். அவற்றைக் கேட்டுச் சரி என்று சொன்ன பிறகுதான் மொத்தமும் அடிப்பார்கள்.

கெடும் இடங்கள் தெளிவானவை. ஒரு பக்கத்தில் நிமிடத்தைக் கூட்டினால் தடங்கள் நெருங்கும், ஒலியைக் குறைக்க வேண்டிவரும். மற்றவர்களின் தட்டைவிட உங்கள் தட்டு மெலிதாகக் கேட்டால் டிஜே அதைப் பெட்டியில் திருப்பி வைத்துவிடுவார். பேஸ் ஒலி இடது வலது ஸ்பீக்கர்களில் எதிரெதிராக இருந்தால் ஊசி துள்ளும். அதனால் தாழ்ந்த ஒலியை நடுவில் ஒன்றாக்கிவிட வேண்டும். தட்டின் உட்புறத்தில் ‘ஸ’ ஒலி சிராய்ப்பாகும். சோதனைத் தட்டுக்கான நேரத்தை மிச்சப்படுத்தியவர்கள் 500 தட்டையும் வீட்டுப் பரணில் ஏற்ற வேண்டியதாயிற்று.

ஒலி சரியாக வந்தாலும் காசு வேறு காரணத்தால் நின்றது. கணக்குக்காக, 500 தட்டுக்கு எல்லாம் சேர்த்து 1,000 டாலர் செலவு என்று வைத்துக்கொள்வோம். விநியோகஸ்தர் தட்டுக்கு 3 டாலர் தருவார் என்றால் முழுதும் விற்றால் 1,500. முதல் மீள 334 தட்டு விற்க வேண்டும். ஆனால் விநியோகஸ்தர் சரக்கு எடுத்து 60 அல்லது 90 நாள் கழித்துத்தான் பணம் தருவார். விற்காததைத் திருப்பியும் அனுப்புவார். நேரடியாகக் கடையில் வைத்தாலும் விற்றால்தான் காசு என்ற பேச்சு. முதல் தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதை இறக்கினால்தான் பெயர் நிற்கும். அந்த வேளையில் பணமோ வெளியே மாட்டிக்கொண்டிருக்கும். விநியோகஸ்தர் கடையை மூடிவிட்டால் பாக்கி முழுவதும் போயிற்று. ஒரே ஒரு தட்டோடு மறைந்துபோன ராப்பர்கள் இத்தனை பேர் இருப்பதற்குக் கவிதை வற்றியது காரணமில்லை, பணச் சுழற்சி நின்றதே காரணம் என்று சொல்லலாம்.

இதைத் தாண்டிப் பிடிவாதமாக நின்றவர்களும் உண்டு. பிராங்ஸைச் சேர்ந்த பெர்சி பி 1980களின் இறுதியிலேயே தட்டு வெளியிட்டவர். சக ராப்பர்கள் மெச்சிய சொல்வேகம் அவருடையது. நியூயார்க்கின் ஃபேட் பீட்ஸ் கடை வாசலில் நின்று தன் சிடிகளைத் தானே விற்றார். அவருடைய முழு ஆல்பம் 2007இல்தான் வந்தது.

கையெழுத்துப் போட்டும் வெளிவராதவர்கள்

பேச்சில் எப்போதும் விடுபடும் கூட்டம் இது. ஆல்பத்தை முடித்துக் கொடுத்த பிறகு லேபிள் அதை வெளியிடாமல் அலமாரியில் வைத்துவிடலாம். கலைஞரைத் தேர்ந்தெடுத்த அலுவலர் வேலை மாறுவார், முதல் சிங்கிள் (ஆல்பத்துக்கு முன் தனியாக விடும் பாட்டு) ஓடாது, நிறுவனம் கைமாறும். எதுவாக இருந்தாலும் மாஸ்டர் லேபிளுடையது, கலைஞரால் அதை எடுத்து வேறெங்கும் போட முடியாது.

மேலே சொன்ன டிஎம்எக்ஸே உதாரணம். பத்திரிகையில் வந்த அடுத்த ஆண்டு கொலம்பியாவின் கிளை லேபிளான ரஃப்ஹவுஸில் சேர்ந்தார். சிங்கிள் எடுபடவில்லை, ஒப்பந்தம் போயிற்று. முதல் ஆல்பம் 1998இல் வேறு லேபிளில் வந்து நேரே முதலிடத்தில் அமர்ந்தது. அவர் மீண்டவர். லார்ஜ் ப்ரொஃபெசர் 1996இல் கெஃபன் லேபிளுக்காக முடித்த ஆல்பம் முறையாக வெளியானது 2009இல். பீட் ராக் தயாரித்த ஐஎன்ஐ குழுவின் ஆல்பத்தை எலெக்ட்ரா கிடப்பில் போட்டது. திருட்டுப் பிரதிகளாகவே அது ஊரெல்லாம் சுற்றி, 2003இல்தான் முறையாக வந்தது.

சுருக்கமாக: வியாபார வெற்றி காணாதவர்கள் ஒரே வகையில்லை. வாசலுக்கு வெளியே நின்றவர்கள் உண்டு. உள்ளே போய்ப் பூட்டப்பட்டவர்களும் உண்டு. இரண்டாவது கூட்டத்தின் நிலைமை பல நேரம் மோசமானது, ஏனென்றால் பாட்டே அவர்கள் கையில் இல்லை.

எண்ணப்படாத விற்பனை

‘விற்கவில்லை’ என்பதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்க வேண்டும். 1991 மே மாதம் பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை தன் ஆல்பப் பட்டியலுக்கு சவுண்ட்ஸ்கேன் முறையைக் கொண்டுவந்தது. கடையில் பார்கோடு உரசும்போது விற்பனை பதிவாகும். கடைக்காரர் வாய்வழியாகச் சொன்ன பழைய முறையைவிட இது நேர்மையானது, ராப்பின் உண்மையான பலத்தையும் வெளிக்காட்டியது. ஆனால் பார்கோடு இல்லாத கேசட்டோ, காரின் டிக்கியிலிருந்து விற்ற தட்டோ, முடிதிருத்தும் கடையில் விற்றதோ அதில் வராது.

ஓக்லண்டில் டூ ஷார்ட் லேபிள் வருமுன் கேசட்டுகளை நேரடியாகவே விற்று வளர்ந்தவர். ஹூஸ்டனில் டிஜே ஸ்க்ரூ, வேகம் குறைத்த கலவைகளைக் கேசட்டில் பதிந்து முதலில் வீட்டிலிருந்தும், 1998 முதல் சொந்தக் கடையிலிருந்தும் விற்றார். அந்தக் கேசட்டுகளில் உள்ளூர் ராப்பர்கள் பலர் பாடினார்கள். தேசியப் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை, ஊரில் அவர்களைத் தெரியாதவர் இல்லை. 2000 நவம்பரில் ஸ்க்ரூ இறந்தார். அவர் வைத்திருந்த தட்டுகள் இன்று ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

சாம்பிள் என்னும் கண்ணி

பழைய தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புதுப் பாட்டுக்கு அடித்தளமாக வைப்பது சாம்பிள். 1987இல் வந்த எஸ்பி-1200 கருவியின் நினைவகம் மொத்தமே சுமார் 10 வினாடி. அதனால் நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய தட்டை 45 சுற்றில் ஓட்டிப் பதிந்து, பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைப்பார்கள். அந்தக் காலத்துப் பீட்டின் சொரசொரப்புக்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

சட்டப்படி ஒரு சாம்பிளுக்கு இரண்டு அனுமதி வேண்டும். மாஸ்டரின் சொந்தக்காரரிடம் ஒன்று, பாட்டை எழுதி மெட்டமைத்ததற்கான உரிமையை வைத்திருப்பவரிடம் இன்னொன்று. 1991 டிசம்பரில் கில்பர்ட் ஓ’சல்லிவனின் பாட்டைப் பயன்படுத்திய பிஸ் மார்க்கிக்கு எதிராக நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு பெரிய லேபிள்கள் அனுமதி இல்லாத சாம்பிளைத் தொடவே பயந்தன. 500 தட்டு அடிப்பவரை யாரும் தேடி வரவில்லை, அவர் விருப்பம்போல வெட்டி ஒட்டினார். சிக்கல் பின்னால் வரும். அந்தப் பாட்டை ஒரு லேபிள் வாங்க நினைத்தால் அனுமதிச் செலவு பாட்டின் வருமானத்தையே விழுங்கிவிடும். சிறியதாக இருந்தவரை காப்பாற்றியதுதான் பெரியதாக விடாமல் பிடித்துக்கொண்டது.

இன்றைய பூட்டுகள்

இப்போது தட்டு அடிக்கத் தேவையில்லை. டிஸ்ட்ரோகிட், ட்யூன்கோர் போன்ற சேவைகள் ஆண்டுக்கு ஒரு சிறு கட்டணத்தில் பாட்டை எல்லாத் தளங்களுக்கும் அனுப்பிவிடும். வாசல் எல்லோருக்கும் திறந்தாயிற்று. ஆனால் 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 முறையாவது ஒலிக்காவிட்டால் மாஸ்டருக்கான ராயல்டியே கிடையாது.

புதியவர்கள் மிக அதிகமாகத் தவறும் இடம் பீட் குத்தகை. இணையத்தில் சில பத்து டாலருக்கு வாங்கும் பீட் பெரும்பாலும் உங்களுக்கு மட்டும் தரப்படுவதில்லை. அதே பீட்டை இன்னும் பலர் வாங்கியிருப்பார்கள். எத்தனை முறை ஒலிக்கலாம், எத்தனை ஆண்டு செல்லும் என்று ஒப்பந்தத்தில் வரம்பு இருக்கும். பாட்டு திடீரென்று ஓடினால் வரம்பு தாண்டும், புதுக் கட்டணம் கேட்பார்கள். ஒரே ஒலி வேறு வீடியோக்களில் வருகிறதா என்று தேடும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் குத்தகைப் பீட்டுப் பாட்டைப் பதிந்தால், அதே பீட்டில் பாடிய மற்றவர்களின் வீடியோக்கள் உங்கள் பெயரில் மாட்டும், அவர்கள் பதிந்தால் உங்களுடையது மாட்டும். பல குத்தகை ஒப்பந்தங்கள் இந்தப் பதிவையே தடைசெய்வது இதனால்தான்.

இரண்டாவது பூட்டு, ராயல்டிக்காகப் பெயரைப் பதியும் தாள்கள். விநியோகச் சேவை மாஸ்டருக்கான காசை மட்டுமே கொண்டுவரும். வரிகளை எழுதியதற்கான காசுக்கு, அதைத் திரட்டித் தரும் அமைப்புகளான ஆஸ்கேப் அல்லது பிஎம்ஐயிலும், அமெரிக்க ஸ்ட்ரீமிங்குக்காக 2021இல் இயங்கத் தொடங்கிய எம்எல்சியிலும் தனியே பதிய வேண்டும். இணைய வானொலிக் காசைத் திரட்டும் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் அதில் 50 சதவீதத்தை மாஸ்டரின் சொந்தக்காரருக்கும் 45 சதவீதத்தைப் பாடியவருக்கும் தருகிறது. லேபிள் இல்லாதவருக்கு இரண்டும் ஒருவரே. பதியாமல் விட்டால் இரண்டும் இல்லை. பாட்டு முடிந்த அன்றே யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி, கூட்டுத்தொகை 100 வருகிறதா என்று பார்த்து, எல்லோரும் கையெழுத்திட வேண்டும். காசு வந்த பிறகு உட்கார்ந்தால் கூட்டுத்தொகை 140 வரும்.

முப்பது ஆண்டுக்குப் பின்

1990களின் தனித் தட்டுகளுக்குச் சேகரிப்பாளர்களிடம் இன்று நல்ல விலை. ‘ரேண்டம் ராப்’ என்று அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. மில்வாக்கியின் டோப் ஃபோக்ஸ், பிரிட்டனின் சாப்டு ஹெரிங் போன்ற சிறு லேபிள்கள் அந்தக் காலத்துப் பதிவுகளைச் சில நூறு பிரதிகளாக மறுபடி அடிக்கின்றன. நடைமுறை எளிது. கலைஞரைத் தேடிப்பிடித்து, டாட் என்னும் எண்ம நாடாவிலோ கேசட்டிலோ உள்ள பதிவை வாங்கி, சுத்தம் செய்து தட்டாக்குவது. டாட் பழுதானால் கேசட்டைப் போலத் தேய்ந்து ஒலிக்காது, ஒலி விட்டுவிட்டு அறுந்துபோகும். ஆகவே வைத்திருப்பவர்கள் இப்போதே கணினிக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

இங்கே கையெழுத்துப் போடாதவருக்கு ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு போதும். மாஸ்டரை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டவருக்கு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 1978 முதல் எழுதிக்கொடுத்த உரிமையைப் பொதுவாக 35 ஆண்டு கழித்துத் திரும்பப் பெறலாம். குறைந்தது 2 ஆண்டுக்கு முன்பே எழுத்தில் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். 1991இல் கையெழுத்திட்டவருக்கு அந்தக் கதவு 2026இல் திறந்து ஐந்து ஆண்டுகளில் மூடிக்கொள்ளும். அப்போதும் ‘இது கூலிக்குச் செய்த வேலை, உரிமை எங்களுடையது’ என்று லேபிள் வழக்காடலாம்.